எட்டாம் குழியில் பச்சை

சுபிதாவின் ரத்தத்தை எடுத்தது நான்தான். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சொல்லுங்கள் அக்கா என்று அவளும் சொல்லிவிட்டாள்.

என் பெயர் வசந்தகுமாரி. போர்ட் பிளேரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக ஊசி குத்துகிறேன். பிறந்தது நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை அங்கே குடியமர்த்தினார்களே, அந்தக் கூட்டத்தில் என் அப்பா அம்மாவும் இருந்தார்கள். சுபிதா வேறு கரை. அவளுடைய அப்பா அருள்நாதன் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் தங்கிவிட்டவர். அவள் இங்கேயே பிறந்து, இந்தியில் படித்து, வீட்டில் மட்டும் அந்தக் கரைத் தமிழ் பேசி வளர்ந்தவள். எங்கள் கூடத்தில் அவள் டெக்னீஷியன்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டவள் கிடையாது. கண்ணை அடிக்கடி தேய்ப்பாள், தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருப்பாள், அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் நாள் முழுக்கக் கண்ணை வைத்தால் எரியத்தானே செய்யும் என்று நாங்களும் நினைத்தோம்.

அந்த ஜூன் மாதம் எங்களுக்குப் புது மைக்ராஸ்கோப் ஒன்று கப்பலில் வந்தது. இருட்டில் பார்க்க வேண்டியது. ஏ.என்.ஏ. என்கிற பரிசோதனைக்காக வாங்கினார்கள். நம் உடம்பின் காவல்காரர்கள்தான் ஆன்டிபாடிகள். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிக்க வேண்டியவர்கள் சில பேருக்கு நம் செல்லையே பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூட்டு, தோல், நுரையீரல் என்று எங்கே வேண்டுமானாலும் பாதிக்கும். அப்படிப்பட்ட ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டுவது இந்தச் சோதனை. கண்ணாடியில் பத்துக் குழி. ஒவ்வொன்றிலும் மனித செல்கள் ஒட்டியிருக்கும். மேலே ரத்தத்தின் தெளிநீரை விட்டு, கழுவி, ஒளிரும் மருந்து விட்டு, மறுபடி கழுவிப் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் செல்லின் உள்ளே பச்சையாக ஒளிரும். இல்லையென்றால் இருட்டு.

அதுவரை இந்தச் சோதனைக்கெல்லாம் ரத்தம் மெயின்லேண்டுக்கு, சென்னைக்கு, விமானத்தில் போகும்.

முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போது நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர் மண்டல். அவர்தான் எங்கள் தலைமை நோயியல் மருத்துவர், வங்காளக் குடியேறிகளின் மகள், எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். நோயில்லாதவர்களுக்கு எங்கே போவது? சுபிதா கையை நீட்டினாள். அடுத்து என்னுடையது. பிறகு வரவேற்பு மேசையில் இருக்கிற பிரவீன்குமார். எட்டு சுபிதா, ஒன்பது நான், பத்து அவன். அவளே தன் கையால் எண்களை எழுதினாள்.

மதியம் இருட்டறைக்குள் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"அக்கா, எட்டு யாரு?"

"நீதானே எழுதுன? எட்டு நீ."

ஸ்லைடை நகர்த்தும் சத்தம். ஒன்பதைப் பார்த்தாள், பத்தைப் பார்த்தாள், திரும்ப எட்டுக்கு வந்தாள்.

"இஞ்ச வந்து பாருங்க."

எனக்கு மைக்ராஸ்கோப் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் அது தெரிந்தது. மழை விட்ட இருட்டில் புல்லுக்குள் மின்மினி கூட்டமாக உட்கார்ந்தது போல, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பொடிப்பொடியாகப் பச்சை. அழகாகக்கூட இருந்தது. பக்கத்துக் குழியில் என் ரத்தம், ஒன்றுமில்லை.

"மாறிப்போச்சு," என்றாள். "எங்கயோ நோயாளி ரத்தத்த எட்டுல விட்டுட்டேன்."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். மறுநாள் திரும்ப எடுத்தேன். லேபிளில் பெயரை நான் எழுதுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். இந்த முறை தெளிநீரில் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக நீர் கலந்துகொண்டே போனாள். எண்பதில் ஒரு பங்கு, நூற்றறுபதில் ஒரு பங்கு என்று போய், ஆயிரத்து இருநூற்று எண்பதில் ஒரு பங்காகக் கரைத்த பிறகும் அந்தப் பச்சை அணையவில்லை.

டாக்டர் மண்டல் பார்த்தார். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில்கூடச் சிலருக்கு லேசாகத் தெரியும், பயப்படாதே என்றார். பிறகு கண்ணை எடுக்காமலே, "லேகின் யே ஹல்கா நஹீ ஹை," என்றார். இது லேசாக இல்லை.

பச்சை ஒளிர்ந்தால் ஆன்டிபாடி செல்லுக்குள் எதையோ பிடிக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எதைப் பிடிக்கிறது என்று தெரியாது. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய், ஒரு போக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை இருக்கிறது. விரல் அகலம்கூட இல்லாத வெள்ளைத் துண்டு. அதில் தனித்தனியாகப் பிரித்தெடுத்த புரதங்களைக் கோடு கோடாகப் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ரத்தத் தெளிநீரில் ஊற வைத்தால் ஆன்டிபாடி தன்னுடைய ஆளைத் தேடிப் போய் உட்காரும். அந்தக் கோடு மட்டும் கறுக்கும்.

சுபிதா தன் பட்டையைத் தானே ஊற வைத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

மூன்று கோடுகள் கறுத்திருந்தன. ரோ-60. ரோ-52. லா.

டாக்டர் மண்டல் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண் உறுத்துகிறதா, வாய் வறள்கிறதா என்று கேட்டார். சுபிதா தன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள். அதன் பிறகு டாக்டர் கேட்ட கேள்விக்கு நாங்கள் யாரும் தயாராக இல்லை.

"சுபிதா, உனக்குக் குழந்தை உண்டா?"

அவர் எங்களிடம் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் நாலு வருடமாக அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

"இருந்துச்சு மேடம். ஆறாம் மாசம் வயித்துக்குள்ளயே போயிடுச்சு."

"ஏன் என்று சொன்னார்களா?"

"தெரியலன்னாங்க. அதுக்கு மூணு நாள் முன்னால ஸ்கேன்ல இதயம் மெதுவா அடிக்குதுன்னு..." அங்கே நின்றுவிட்டாள். தானாகவே நின்றாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அம்பத்திநாலு," என்றாள். "நூத்தி நாப்பது இருக்கணும். அம்பத்திநாலுதான் இருந்துச்சு."

டாக்டர் அவளை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது இயற்கை; அதுதான் பிள்ளைக்குக் காவல். ஆனால் ரோ என்கிற புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடியும் கூடவே போகும். சில பிள்ளைகளுக்கு அது இதயத்தில் துடிப்பைக் கடத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்து புண்ணாக்கிவிடும். புண் ஆறித் தழும்பாகும். தழும்பு துடிப்பைக் கடத்தாது. நூறு தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இப்படி நடக்கும். அந்தத் தாய்க்கு ஒரு நோவும் இல்லாமல் இருக்கலாம். தனக்குள் இப்படி ஒன்று ஓடுகிறது என்றே தெரியாமல் இருக்கலாம்.

"ரோன்னா என்ன மேடம்?" என்று நான் கேட்டேன். எதையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"ஒரு நோயாளியின் பெயர்," என்றார். "இது முதலில் யாருடைய ரத்தத்தில் கிடைத்ததோ, அவர் பெயரின் முதல் இரண்டெழுத்து."

சுபிதா எழுந்து போய் மீதமிருந்த பதினோரு சிறுநீர் ரிப்போர்ட்டையும் அடித்து முடித்தாள். ஒரு எண் தப்பவில்லை. நாலு மணிக்குப் பின்பக்கம் போனவள் திரும்பவில்லை. தேடிப் போனால், வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாந்தி எடுத்திருக்கிறாள்.

"அதிர்ச்சிம்மா. கொஞ்சம் உக்காரு."

"அது இல்ல அக்கா," என்றாள். "இப்ப பதிமூணு வாரம்."

அவள் சொல்லவே இல்லை. போன முறை எல்லோரிடமும் சொல்லி எல்லோரும் துக்கம் கேட்டு வந்தார்கள் என்பதால், இந்த முறை கணவனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

தனியாக வீட்டுக்குப் போக அவளுக்குத் தைரியமில்லை. நானும் கூடப் போனேன். புரோத்ராபூரில் வீடு. கணவன் டெர்வின் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசாத ஆள். வீட்டில் அவனுடைய அம்மா அன்னம்மாளும் இருந்தார். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். டெர்வின் வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக்கூட ஆணியில் மாட்டாமல் கையில் வைத்தபடியே நின்றான், சுபிதாவின் முகத்தைப் பார்த்து.

அவள் சொன்னாள். பச்சை, பட்டை, ரோ, இதயம் எல்லாம் சொன்னாள். பரிசோதனை முடிவு வாசிக்கிறது மாதிரிச் சொன்னாள்.

டெர்வின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப பஸ் இல்லியா?" என்றான்.

"எந்த பஸ்?"

"ரங்கத்துக்குப் போன பஸ்."

நாலு வருடத்துக்கு முன் அவன் தங்கை கல்யாணம் நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்தில் நடந்திருக்கிறது. சுபிதா வரவில்லை என்றாளாம். அம்மா கோபிப்பார் என்று இவன்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனான். அந்த ரோட்டில் ஏழெட்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்த பத்தாம் நாள்தான் அந்த ஸ்கேன்.

"நான் கொன்னுட்டேன்னுதான் நெனச்சேன்," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாலு வருசமா. உனக்கிட்ட சொன்னா நீயும் ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம்."

சுபிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் ஒரே பாயில் படுத்தவனை முதல் முறையாகப் பார்க்கிறவள் மாதிரி. அவளும் அதே பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு எனக்குச் சொன்னாள். ஆனால் அவன் மேல் பழி போட்டு இல்லை. கண்டிப்பாக மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா என்று தன் மேலேயே போட்டுக்கொண்டு.

அப்போதுதான் அன்னம்மாள் கையில் மீன் செதிலோடு வாசற்படிக்கு வந்தார்.

"அப்பம் எனக்க பேரன ஒனக்க ரத்தமா கொன்னுது?"

கிழவி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. புரிந்ததைக் கேட்டார். ஆனால் அந்த வார்த்தை காற்றில் நின்றது.

"அம்மோ!" என்று கத்தினான் டெர்வின். நான் அவனை அப்படிக் கத்திக் கேட்டதே இல்லை. "ஒரு வார்த்த பேசப்பிடாது!"

அன்னம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுபிதா அழவில்லை. "மாமி சொன்னது சரிதானே," என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் மண்டல் சென்னையில் ஒரு மூட்டுவாத நிபுணரை வீடியோவில் பிடித்தார். அவர் சொன்னது இவ்வளவு. ஒரு பிள்ளைக்கு ஏற்கனவே இப்படி நடந்திருந்தால், அடுத்ததற்கும் நடப்பது நூறில் பதினாறு, பதினேழு. மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரை வகையில் ஒன்று உண்டு, அதைச் சாப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையலாம். இன்னும் முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும். பரவாயில்லை, இன்றே தொடங்கு. பதினாறாம் வாரத்திலிருந்து இருபத்தாறாம் வாரம் வரை ஆபத்துக் காலம். இரண்டு முறை சென்னைக்கு வந்து பிள்ளையின் இதயத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற நாளெல்லாம் கையில் பிடிக்கிற சின்ன டாப்ளர் கருவியில் காலை, மதியம், மாலை துடிப்பைக் கேட்க வேண்டும். விட்டு விட்டு அடித்தாலோ, மெதுவானாலோ, அன்றைக்கே விமானம் ஏற வேண்டும்.

சுபிதா ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். மதியத் துடிப்பை மட்டும் எங்கள் ஸ்டோர் ரூமில், ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கேட்பாள். நான் கதவுக்கு வெளியே காவல். டக்டக்டக்டக் என்று ஓடுகிற குதிரை மாதிரி வரும். நூற்று ஐம்பது, நூற்று நாற்பத்தாறு. அவள் வெளியே வந்து விரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

இருபதாம் வாரம். வெளியே மழை. மூன்று நாளாகக் கப்பலும் இல்லை, விமானமும் பாதி ரத்து.

"அக்கா!"

உள்ளே ஓடினேன். கருவியை வயிற்றில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். கருவியின் பெட்டியிலிருந்து வருவது குதிரை இல்லை. நடந்து போகிற ஆள். உஷ்... உஷ்... உஷ். திரையில் எழுபத்தாறு.

"வந்துட்டு," என்றாள். "வந்துட்டு அக்கா. அதேதான்."

பிரவீன்குமாரைக் கூப்பிட்டு டெர்வினுக்கு போன் போடச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எண்பத்தெட்டு. அவள் விம்மினாள். தொண்ணூற்றாறு. நூற்று இரண்டு.

பதினான்கு வருடம் நாடி பிடித்த கை என்னுடையது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பெட்டியில் ஒன்று, விரலுக்கடியில் ஒன்று. பெட்டியில் ஒன்று, விரலுக்கடியில் ஒன்று.

"அடியே, இது உன் நாடி! நீ பயப்படப் பயப்பட ஏறுது பாரு. புள்ளயா உன் மூஞ்சியப் பாத்துப் பயப்படும்?"

நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நானே கருவியை வாங்கி, ஜெல்லை இன்னும் கொஞ்சம் வைத்து, கீழே இடது பக்கமாகச் சாய்த்துத் தேடினேன். எவ்வளவு நேரம் தேடினேனோ தெரியாது. பிறகு எங்கோ தூரத்தில் தொடங்கிக் கிட்டே வந்தது குதிரை. நூற்று நாற்பத்தெட்டு. டெர்வின் மழையில் நனைந்து துறைமுகத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவன் எங்களைப் பார்த்துப் பயந்துபோனான்.

இருபத்தாறாம் வாரம் தாண்டியது. முப்பத்தெட்டாம் வாரம் பெண் குழந்தை பிறந்தது. நல்ல அழுகை. இதயத்தின் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கோடு ஒழுங்காக ஓடியது. ஜோஸ்லின் என்று பெயர் வைத்தார்கள். முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாவது வாரம் அன்னம்மாள் எனக்கு போன் செய்தார். அவர் எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. "மக்ளே, ஒடனே வா. பிள்ளைக்க மொகத்தப் பாரு."

போனேன். குழந்தையின் கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் வட்ட வட்டமாகச் சிவப்பு. யாரோ சூடான வளையலை அழுத்தி எடுத்தது போல. முந்தின நாள் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் இப்படி. அன்னம்மாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். சுபிதா சுவரோரம் எட்ட உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாயங்காலத்திலிருந்து பிள்ளையைத் தொடவில்லையாம். டப்பாப் பால்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"எனக்க ரத்தம் இன்னும் அதுக்குள்ள ஓடுது," என்றாள். "பெத்த பிறகும் விடல."

டாக்டர் மண்டலுக்குப் படம் அனுப்பினோம். அவர் சென்னைக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. ஆமாம், அதே ஆன்டிபாடிதான். தாயிடமிருந்து வந்தது பிள்ளையின் உடம்பில் கொஞ்ச நாள் இருக்கும், புதிதாக ஊறாது. ஆறு, எட்டு மாதத்தில் தீர்ந்துபோகும், தடிப்பும் போய்விடும். வெயில் படாமல் பாருங்கள், ஒரு தடவை ரத்தமும் ஈ.சி.ஜி.யும் பாருங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான் வாசித்துக் காட்டினேன். சுபிதா அசையவில்லை. "எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

அன்னம்மாள் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, பிள்ளையை அவள் மடியில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"அண்ணைக்கு நான் பேசினது எனக்க வாய்க்க கேடு," என்றார். "ஒனக்க ரத்தம்தான் இத வளத்ததும். பிடி. பால் குடு. அது அழுவுது."

சுபிதா அன்றைக்குத்தான் அழுதாள். நாலு வருடத்து அழுகை. பிள்ளையும் அழுதது, இரண்டும் சேர்ந்து வீடே நிறைந்துபோனது.

ரத்தம் சரியாக இருந்தது, ஈ.சி.ஜி.யும். ஏழாம் மாதம் முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. சுபிதா வேலைக்கு வருகிறாள். அந்த மலேரியா மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள், வருடத்துக்கு ஒரு முறை கண்ணின் உள்ளே சோதிக்கிறார்கள். மூட்டு வலி எப்போதாவது வரும். வேறு நோய் வருமா என்று கேட்டால், வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள்.

போன மாதம் டெர்வின் அவளைக் கூட்டிப் போக வந்தபோது, ஜோஸ்லினுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டாமா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சுபிதாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "துடிப்பக் கேட்டுக்கிட்டே இருந்த அந்த பத்து வாரத்த இன்னொரு தடவ தாங்குவனான்னு தெரியல அக்கா," என்றாள். டெர்வின் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் பைக்கை நோக்கி நடந்தார்கள்.